நிழல் இல்லாத நண்பகலும் பஞ்சமி நிலவும்

அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே பினாங்கில் நலம். உன் பள்ளியில் வான் நோக்கு இரவு நடத்தும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய திட்டத்தில் முதல் முக்கால் மணி நேரம் மண்டபத்தில் படக்காட்சி, பிறகு திடலில் தொலைநோக்கி என்று இருக்கிறது. அதை அப்படியே திருப்பிப் போடு. ஹப்பள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களைத் திரையில் பார்த்துவிட்டு வரும் பிள்ளைக்கு, ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், தெரியும் வியாழன் வெறும் வெளிறிய சிறு வட்டம்தான். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடும். முதலில் வெறுங்கண், அடுத்து தொலைநோக்கி, படம் கடைசியில். அவர்கள் பார்த்து, எதையாவது கேட்ட பிறகு நீ விளக்கினால் போதும்.

புத்தகத்தில் உள்ள வானத்தையும் நம்பிக்கொண்டு போகாதே. பெரும்பாலான வழிகாட்டிகள் வடக்கே குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதியவை. "துருவ நட்சத்திரத்தைக் கண்டுபிடி" என்றுதான் தொடங்கும். பினாங்கில் அது அடிவானத்துக்கு மேலே 5 பாகை, உங்கள் கோலாலம்பூரில் 3 பாகை. நகர வெளிச்சத்திலும் புகைமூட்டத்திலும் கண்ணில் படவே படாது. அதற்குப் பதில் உச்சியில் இருப்பதைக் காட்டு. பிப்ரவரி நடுவில் இரவு 9.20 வாக்கில் திருவாதிரை ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே சிவப்பாக நிற்கும். அதன் மேற்கே ரோகிணி, இன்னும் தள்ளிக் கார்த்திகைக் கூட்டம். பாய் விரித்துப் படுக்கச் சொல், இல்லாவிட்டால் கழுத்து வலிக்கும். பிள்ளைகளோடு வரும் பாட்டிமாரிடம் அவர்கள் ஜென்ம நட்சத்திரம் என்ன என்று கேட்டுப் பார். திருவாதிரைக்காரர் ஒருவராவது இருப்பார், அவருக்கு நீ காட்டும் முதல் நட்சத்திரம் அதுவாக இருக்கட்டும்.

தேதி: முழுநிலா நாளில் வேண்டவே வேண்டாம். அன்று நிலவின் மீது ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, எல்லாம் தட்டையாகத் தெரியும். அரைநிலா அழகுதான், ஆனால் நம் ஊரில் அது சூரியன் மறையும் நேரத்தில் உச்சிக்கு வந்துவிடும். டாப்சோனியன் என்னும், சுழலும் பெட்டியில் நிற்கும் எளிய தொலைநோக்கிக்கு உச்சிவானம் குருட்டு மூலை; குழாயைச் செங்குத்தாக நிறுத்திவிட்டால் பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாடு. வளர்பிறைப் பஞ்சமிதான் தோது. இரவு 8 மணிக்கு நிலவு மேற்கே பாதி உயரத்தில் இருக்கும். சஷ்டியும் நல்ல நாள்தான், ஆனால் பெற்றோரில் பாதிப் பேர் முருகன் கோயிலில் இருப்பார்கள்.

தொலைநோக்கியில் கண் வைப்பதற்கு முன்னால் எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்து நிலவை வரையச் சொல். பாடநூல் பிறையை நிமிர்த்தி வரைந்திருக்கும். நமக்கோ அது இரு கொம்பும் மேலே தூக்கித் தோணி போலப் படுத்திருக்கும், ஏனென்றால் இந்த அட்சரேகையில் சூரியன் நிலவுக்கு ஏறக்குறைய நேர் கீழே மறைகிறது. வரைந்தவன்தான் அதைக் கவனிப்பான். ஐபீஸில் படம் தலைகீழாக இருப்பதையும் அவனே வந்து சொல்வான்.

கருவி விஷயம். நீ கடன் வாங்கப்போவது 130 மி.மீ. விட்டம், 650 மி.மீ. குவியத்தூரம் உள்ளது என்றாய். 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 26 மடங்கு: நிலவு முழுவதும் அடங்கும், வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். 10 மி.மீ. போட்டால் 65 மடங்கு: சனியின் வளையத்துக்கு அது வேண்டும். ஆனால் 65 மடங்கில், நடுவில் வைத்த கோள் ஒன்றரை நிமிடத்தில் விளிம்பைத் தாண்டிப் போய்விடும், பூமி சுற்றுகிறதல்லவா. இரண்டு பேருக்கு ஒருமுறை நீயே பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வரிசை நீளம் என்றால் 25-ஐயே வைத்துக்கொள். பிள்ளைகள் கண்ணை வைக்கும்போது கை தானாகக் குழாயைப் பிடிக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முதுகைப் பிடித்துக்கொள்ளச் சொல்.

"தெரியுதா?" என்று மட்டும் கேட்காதே. ஒன்றுமே தெரியாதவனும் வெட்கப்பட்டுத் தலையாட்டுவான். "வியாழனுக்கு இந்தப் பக்கம் எத்தனை புள்ளி, அந்தப் பக்கம் எத்தனை?" என்று கேள். அயோ ஒரு சுற்றை 1.77 நாளில் முடித்துவிடுகிறது, அதனால் கணக்கு இரவுக்கு இரவு மாறும். நேற்றைய விடையை யாரும் ஒப்பிக்க முடியாது.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஏர்கான் போட்ட ஆசிரியர் அறையில் தொலைநோக்கி 22 பாகையில் குளிர்ந்திருக்கும். வெளிக்காற்றின் பனிநிலையோ, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையோ, 23, 24 பாகை. திடலுக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்த நொடியில் கண்ணாடி முழுக்க நீர் படியும். துணியால் துடைத்தால் பூச்சு கீறிவிடும். ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே கொண்டுவந்து, மூடியோடும் பையோடும் அப்படியே வைத்துவிடு. சூடேறிய பிறகு திற. மீறிப் படிந்துவிட்டால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்தால் போதும். நிகழ்ச்சி முடிந்ததும் ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். ஐபீஸ்களைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் போடு.

மேகம் வந்தால் என்ன செய்வாய்? கூடைப்பந்து ஒன்று, டென்னிஸ் பந்து ஒன்று எடுத்து வை. 24 செ.மீ. பந்து பூமி என்றால் டென்னிஸ் பந்து நிலவு. எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையைக் கேள். ஒரு முழத்தில் பிடிப்பான். சரியான தூரம் 7.2 மீட்டர், பூமியின் விட்டத்தைப் போல் 30 மடங்கு. பிறகு, 2007-இல் நம் ஷேக் முஸாபார் போய்வந்த விண்வெளி நிலையம் எங்கே என்று கேள். 400 கி.மீ. உயரம் என்றால் பந்தின் தோலிலிருந்து 7 மி.மீ. சொச்சம்தான். அதற்குப் பிறகு அவர்களைப் பேசவிட்டால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

ராகு கேது பற்றி யாராவது பெரியவர் கட்டாயம் கேட்பார். சிரித்துத் தட்டிக்கழிக்காதே, அது நல்ல கேள்வி. நிலவின் பாதை, சூரியன் போவதாகத் தெரியும் பாதைக்கு 5 பாகை சாய்ந்தது. இரண்டும் வெட்டும் புள்ளிகள் இரண்டு. அவைதான் ராகுவும் கேதுவும். அமாவாசையும் பௌர்ணமியும் அந்தப் புள்ளிகளை ஒட்டி வந்தால்தான் கிரகணம். 2019 டிசம்பர் 26 அன்று ஜொகூரின் தென்கோடியில் கங்கண கிரகணம், சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம், தெரிந்தபோது சூரியனும் நிலவும் கேதுவை ஒட்டித்தான் இருந்தன. அந்தப் புள்ளிகள் வானத்தைச் சுற்றிவர 18.6 ஆண்டு. 12 ராசிக்கு வகுத்தால் ஒன்றரை ஆண்டு வருகிறதா? பெயர்ச்சி ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை வருவதன் கணக்கு அதுதான். பலன் கேட்டால், அது உன் வேலை இல்லை என்று சொல்லிவிடு.

எனக்கு இந்த இரவைவிடப் பகலில் நிழலை வைத்துப் பூமியின் சுற்றளவை அளக்கும் வேலைதான் பெரிதாகப் படுகிறது. சூரியன் உன் தலைக்கு நேர் மேலே வருவது மார்ச் 28, செப்டம்பர் 15 வாக்கில்; எங்களுக்கு ஏப்ரல் 3, செப்டம்பர் 9. அதுவும் 12 மணிக்கு இல்லை. 1982 முதல் நம் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, அது சபாவுக்கும் கிழக்கே இருக்கிறது. அதனால் மார்ச் 28 அன்று உங்கள் நண்பகல் 1.18, எங்களுக்கு ஐந்தரை நிமிடம் பிந்தி.

கம்பு நட வேண்டாம். 2 மீட்டர் நீளக் கம்பின் நிழல் நுனி 2 செ.மீ. அளவுக்கு மங்கிக் கிடக்கும், எங்கே குறிப்பது என்று சண்டை வரும். தடித்த அட்டையில் பஞ்ச் மெஷினால் 6 மி.மீ. ஓட்டை போட்டு, தரையிலிருந்து சரியாக 2 மீட்டர் உயரத்தில் படுக்கைவாட்டில் கட்டு. ஓட்டையிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தாளில் அடிப்புள்ளியைக் குறித்துவிட்டு நூலை எடுத்துவிடு. காற்றில் ஆடினால், ஆட்டம் அடங்கிய பிறகு குறி. தாளில் 2.5 செ.மீ. அகலத்தில் சூரியனின் வட்டம் விழும், நிமிடத்துக்கு 9 மி.மீ. வேகத்தில் கிழக்கே நகரும். 1.05 முதல் 1.30 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் மையத்தைக் குறித்து, புள்ளிகளை ஒரே கோடாக இணை. அடிப்புள்ளியிலிருந்து அந்தக் கோட்டுக்குச் செங்குத்துத் தூரம்தான் வேண்டியது. நிமிடம் பிசகினாலும் விடை மாறாது.

அதே நாளில் இங்கே நானும் குறிக்கிறேன். உனக்கு அரை செ.மீ. வரலாம், எனக்கு எட்டரை. வித்தியாசம் 8. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கோணவியல் தேவையில்லை: ஓட்டையின் உயரமான 200 செ.மீ.-ஐ ஆரமாகக் கொண்ட வட்டத்தின் சுற்றளவு 1,257 செ.மீ., அதில் 8 என்பது 157-இல் ஒரு பங்கு. இரு ஊருக்கும் வடக்கு தெற்காக 252 கி.மீ. அதை 157-ஆல் பெருக்கினால் 39,564 கி.மீ. உண்மையில் பூமியின் துருவச் சுற்றளவு 40,008. பழங்காலக் கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் எகிப்தில் செய்த அதே கணக்கு. நெடுஞ்சாலைத் தூரத்தைப் போட்டால் 55,000 வந்து நிற்கும், அதை முதலிலேயே சொல்லிவிடாதே, ஒரு குழுவாவது அப்படிப் போட்டுப் பார்க்கட்டும். மையத்தைக் குறிப்பதில் 2 மி.மீ. தவறினால் விடை 1,000 கி.மீ. நகரும்.

அன்று தொலைநோக்கியைப் பகலில் வெளியே எடுக்காதே. பூட்டி வைத்துச் சாவியை உன் பையில் போட்டுக்கொள். ஒரு பிள்ளை ஒரு நொடி சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும்.

மேகம் மூடினால் மறுநாள் செய்யலாம், வித்தியாசம் அதேதான் வரும், இரண்டு இடத்திலும் ஒரே நாளாக இருந்தால் சரி. பன்னிரண்டரைக்குள் உன் அட்டை கட்டியாகிவிட்டதா என்று படம் எடுத்து அனுப்பு. ஓட்டையின் உயரத்தை அளக்கும்போது டேப்பின் நுனிக் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பார், 10 செ.மீ. கோட்டிலிருந்து தொடங்கி அளப்பது நல்லது.

அன்புடன்,
அம்மா