பாப்பாவுக்கு அம்மா எழுதுறது

பாப்பா, நல்லா இருக்கியா. மாப்ளைக்கு தோள்பட்டை வலி பரவாயில்லையா. மித்ரன் ஸ்கூல்ல அழாம இருக்கானா. நாலு வாட்டி போன் அடிச்சேன், நீ எடுக்கல, வாய்ஸ் மெசேஜ் போட்டா கேக்குறதே இல்ல, மாப்ளைக்கு அடிக்கலாம்னு பாத்தா ஆபீஸ்ல இருப்பாக, என்ன நெனப்பாகளோன்னு விட்டுட்டேன். அதான் உக்காந்து டைப் பண்ணுறேன். ஒரு எழுத்த அமுக்குனா வேற எழுத்து வந்து நிக்குது, தப்பிருந்தா பொறுத்துக்க.

இங்க எல்லாரும் சொகம். அப்பாவுக்கு சுகர் கொறஞ்சிருக்கு, ஆனா கடலை மிட்டாய பீரோல ஒளிச்சு வச்சுத் திங்கிறத விடல. பின் வீட்டு அக்கா மகளுக்கு கல்யாணம் முடிவாயிருச்சு. மழை சரியில்ல. வேற என்ன. உங்க நாய்க்குட்டி பிஸ்கட் எப்படி இருக்கான்?

அவனப் பத்தி கேட்டா உனக்கு கோவம் வரும்னு தெரியும். அங்க வந்திருந்தப்ப "குட்டிக்கு அடுத்த ஊசி எப்பட்டி"ன்னு ரெண்டு வாட்டிதான் கேட்டேன், மூணாவது வாட்டி கேக்குறதுக்குள்ள "உனக்கு என்னம்மா தெரியும்"னுட்டு ரூமுக்குள்ள போயிட்ட. சரிதான், நான் பத்தாவது ஃபெயில். நீ படிச்சு இன்னைக்கு வேளச்சேரில சொந்த ஃப்ளாட்டுல இருக்க, அத நான் எத்தன பேர்ட்ட சொல்லிப் பூரிச்சிருக்கேன்னு உனக்குத் தெரியாது. ஆனா படிச்சவுகளும் ஆளுக்கு ஒண்ணுதான் சொல்றாக. உங்க ஃப்ளாட்டு கீழ சாயங்காலம் உக்காந்திருந்தேன்ல, எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருந்தேன். அந்த மிலிட்டரி சார் அவரோட ஜெர்மன் ஷெப்பர்டுக்கு ஒரு ஊசி விடாம வருஷா வருஷம் போட்டு ஃபைல் வச்சிருக்காரு. மூணாவது மாடி அம்மா, ஊசி எல்லாம் விஷம், மஞ்சளும் ஓமியோபதி உருண்டையும் போதும்ங்காக. கண்ணாடி போட்ட அந்தப் பையன் ரத்தத்துல எதிர்ப்பு சக்தி அளக்குற டெஸ்ட் இருக்கு, அதப் பாத்துட்டுப் போட்டா போதும்ங்கான். நம்ம மாப்ள, இது தெருவுல எடுத்த நாட்டுக்குட்டி, இயற்கையாவே தாங்கும்ங்காக. நீ என்ன நெனக்கன்னு மட்டும் எனக்குத் தெரியல, நீ வாயத் தொறக்கல.

மொத ஊசி போட்டன்னைக்கு அதுக்கு மூஞ்சி வீங்கிப் போச்சுன்னு நீ அழுதது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பயந்துதான நிப்பாட்டுன, அத நான் தப்புன்னு சொல்லல. போன வாரம் ஆட்டுக்கு மருந்து வாங்க மாட்டாஸ்பத்திரிக்குப் போனப்ப டாக்டரம்மாட்ட கேட்டேன், உன் பேரு சொல்லல, தெரிஞ்சவுக வீட்டுலன்னு சொன்னேன். சில குட்டிக்கு அப்படி வீங்குமாம். அடுத்த தடவை போறப்ப முன்கூட்டியே டாக்டர்ட்ட சொல்லிட்டா அதுக்கு ஒரு மருந்து குடுத்துட்டுப் போடுவாகளாம், போட்டதும் கெளம்பி வராம அரை மணி நேரம் அங்கயே இருக்கணுமாம். அதுக்காக விட்டுரக் கூடாதும்மான்னாக.

ஏன் ஒண்ணுக்கு மூணு நாலு வாட்டி போடுறாகன்னும் கேட்டேன். தாயோட சீம்பால்ல குட்டிக்கு ஒரு காவல் வந்துருதாம், அது இருக்குற வரைக்கும் ஊசி மருந்தையும் அதுவே அடிச்சுப் போட்டுரும், அது எப்ப கொறையும்னு குட்டிக்குக் குட்டி மாறும். அதனாலதான் ஆறு எட்டு வாரத்துல ஆரம்பிச்சு மூணு நாலு வாரத்துக்கு ஒருக்க, பதினாறு வாரம் வரைக்கும் போடுறது. வெறிநாய் ஊசி மூணு மாசத்துல. நம்ம பிஸ்கட்டுக்கு இப்ப அஞ்சு மாசம் ஓடுது பாப்பா.

அந்தக் கண்ணாடிப் பையன் சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்குதாம், அதையும் சொல்லிர்றேன். குட்டில முறையாப் போட்டு, ஒரு வருஷம் கழிச்சு ஒண்ணு போட்டுட்டா அப்புறம் பார்வோ, டிஸ்டெம்பர்னு குட்டிகளக் கொல்ற நோய்களுக்கெல்லாம் வருஷா வருஷம் தேவையில்ல, மூணு வருஷத்துக்கு ஒருக்க போதும்னு இப்ப சொல்றாகளாம். ஆனா எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சலுக்கு வருஷா வருஷம்தான், உங்க ஏரியால மழைக்குத் தண்ணி நிக்கிற நெலமைக்கு அது வேணும். வெறிநாய் ஊசியும் நம்ம ஊர்ல வருஷா வருஷம். அதுல டெஸ்டுகிஸ்டுன்னு தள்ளிப் போடுற பேச்சே கூடாது. கார்ப்பரேஷன்ல லைசென்ஸ் எடுக்கணும்னாலும் அந்த சர்டிபிகேட் கேப்பாகளாம்ல. காசு பாத்தீகன்னா வேப்பேரி கால்நடை காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. காசு இல்ல உங்க பிரச்சினை, தெரியும், சும்மா சொன்னேன்.

நாட்டு நாய் தாங்கும்னு மாப்ள சொல்றதுக்கு முத்து மாமா கதையச் சொல்லு. சிப்பிப்பாறை வேட்டை நாய்க்கு ஊசி போட்டா மொயல் வெரட்டுற வேகம் போயிரும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவுகதான. ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஒரு ஈத்துல ஏழு குட்டி, எல்லாம் நெட்ட மூஞ்சி, அம்புட்டு அழகு. ஒரே வாரத்துல அஞ்சு போச்சு. வாந்தி, அப்புறம் ரத்தக் கழிச்சல், அந்த வாடை தொழுவத்துல நொழையும்போதே கொமட்டும். கடைசிக் குட்டிக்கு சங்குல ஊத்துன தண்ணி அப்படியே கடவாய் வழியா வடிஞ்சத நான் பக்கத்துல இருந்து பாத்தேன். அந்தப் பார்வோக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல கெடக்குமாம், ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொல்லி, ஒரு வருஷத்துக்கு அங்க புதுக்குட்டி விடாதீகன்னு சொல்லிட்டாக. இப்ப ஊசி கேம்ப்னா மாமாதான் மொத ஆளா நிக்காக. அஞ்சு குட்டி போனப்புறம்.

ஊசி போட்டுரு பாப்பா. நாளைக்கே போ. எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போறேன்.

மாமாவச் சொல்றதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. அப்ப நம்ம வீட்டுல இருந்த நாய் மணிக்கு ஊசி போட்டிருந்தமான்னு நீ ஒரு நாளும் கேட்டதில்ல. போடல. பள்ளிக்கூடத்துல கேம்ப் வந்துச்சு, காசு கூட கெடையாது. கூட்டிட்டுப் போனா தீப்பெட்டி ஆபீஸ்ல அரைநாள் கூலி போகும்னு நான் போகல. கேட்டவுகட்ட, வீட்டு நாய்க்கு எதுக்கு ஊசின்னு சொன்னேன். 1999ல நீ மூணாப்பு. ஒன் கெண்டைக்கால்ல அந்தப் பல்லு பதிஞ்சு ரத்தம் வந்தப்ப சோப்புப் போட்டுக் கழுவாம மெளகாப்பொடி வச்சவ நான்.

தொப்புளச் சுத்தி 14 ஊசின்னு எழுதிக் குடுத்தாக. ஆட்டு மூளைல செஞ்ச மருந்து, வலி உயிர் போகும், அந்த மருந்தையே அப்புறம் நாட்டுலயே நிப்பாட்டிட்டாக. நாய பத்து நாள் கட்டி வச்சுப் பாக்கச் சொன்னாக. மணி ஆறாம் நாளே கயித்த அறுத்துட்டுப் போனவன் வரல, அது உனக்கும் தெரியும். உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. ஒம்பது ஊசிதான் போட்டேன். பத்தாம் நாள் நீ பஸ் கம்பியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு எறங்கல, பாவாடைய ரெண்டு கையாலயும் வயித்தோட அமுக்கிக்கிட்ட. எனக்கும் கூலி போயிட்டே இருந்துச்சு. உனக்கு கடைல புரோட்டா வாங்கிக் குடுத்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன், அதுக்கப்புறம் போகவே இல்ல. அப்பா லாரில நாக்பூர் போயிருந்தாக, வந்ததும் பதினாலும் முடிஞ்சிருச்சுன்னு சொன்னேன். இன்னைக்கு வரைக்கும் அவுகளுக்குத் தெரியாது. நீயும் சொல்லாத.

அந்த நோய் வந்தா தண்ணி எறங்காதுன்னு சொல்வாக. மாசம் கழிச்சும் வரலாம், வருஷம் கழிச்சும் வரலாம்னு யாரோ சொல்லிட்டாக. நீ தண்ணி குடிக்கையில எல்லாம் ஒன் தொண்டையத்தான் பாத்துட்டு இருப்பேன். ராத்திரி உன்ன எழுப்பி எவர்சில்வர் டம்ளர்ல தண்ணி குடுப்பேன், நீ தூக்கத்துல சிடுசிடுன்னு குடிப்ப, மடக்குன்னு எறங்குனாத்தான் நான் போய்ப் படுப்பேன். "ஏம்மா என்னையே பாக்க"ன்னு சடைவியே, அதுக்குத்தான். நீ எட்டாப்பு போற வரைக்கும் அந்தப் பயம் போகல. நம்ம நல்ல காலம், ஒண்ணும் ஆகல.

முந்தாநாள் நீ வச்ச ஸ்டேட்டஸ்ல மித்ரன் பிஸ்கட்டக் கட்டிப் புடிச்சுக்கிட்டு இருக்கான். அவன் எடது மணிக்கட்டுல செவப்பா மூணு கோடு. நான் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தேன், அப்பாட்டயும் காமிச்சேன், செடி முள்ளா இருக்கும்னாக. எனக்குத் தூக்கம் இல்ல. அது முள்ளா, நகமா, பல்லா? அவன்ட்ட கேட்டா சொல்ல மாட்டான், பிஸ்கட்ட அடிப்பீகன்னு மறைப்பான், மூணரை வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும். நாயால வந்ததுன்னா இப்பவே சோப்புப் போட்டு ஓடுற தண்ணில 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போ, ரெண்டு நாள் ஆயிருச்சேன்னு இருந்துராத. இப்பல்லாம் கைலதான் ஊசி, கவர்மெண்ட்ல சும்மாவே போடுறாக. அழுதான்னு பாதில விட்டுராத. எத்தன எழுதுறாகளோ அத்தனையும் போடு.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டிருக்கேன். வர வேண்டாம்னா சொல்லு, கேன்சல் பண்ணிர்றேன், கோவிச்சுக்க மாட்டேன். மாப்ளைக்கு அதிரசம் கொண்டு வாறேன்.

இதப் பாத்ததும் போன் பண்ணு. பேசப் புடிக்கலன்னாலும் பரவாயில்ல, மித்ரன் தண்ணி குடிக்கிறத ஒரு வீடியோ எடுத்து அனுப்பு, போதும்.

அம்மா