விக்கியைத் தமிழ் வகுப்புக்குள் அனுமதியுங்கள்: ஜேர்மனியிலுள்ள தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர்களே, நிர்வாகிகளே,

வணக்கம். வாரம் முழுவதும் வேலை செய்த களைப்போடு, சம்பளம் எதையும் எதிர்பாராமல், சனிக்கிழமைகளில் இரவல் வகுப்பறைகளில் நின்று நீங்களும் உங்களுக்கு முன்னிருந்தவர்களும் கற்பித்த தமிழால்தான் இந்த மடலை என்னால் எழுத முடிகிறது. ஆகவே இதை ஒரு பழைய மாணவியின் விண்ணப்பமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஆண்டுதோறும் நடத்தும் கதை சொல்லும் போட்டியில், பிள்ளைகள் இந்நாட்டுத் தொலைக்காட்சியில் பார்த்து மனத்தில் வைத்திருக்கும் கதைகளையும் தமிழில் சொல்ல இடம் கொடுங்கள். அதற்கு முதற்கதையாக, 1974ஆம் ஆண்டிலிருந்து ஜேர்மனியில் தலைமுறை தலைமுறையாகப் பார்க்கப்பட்டு வரும் 'விக்கியும் வலிமைமிக்க ஆண்களும்' என்ற சித்திரத் தொடரை, வைக்கிங்குகள் என்ற பழைய வடஐரோப்பியக் கடலோடிகளிடையே வளரும் விக்கி என்ற சிறுவனின் கதையை, எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. அண்மையில் ஒரு போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். விரும்பிய கதையைச் சொல்லலாம் என்று அறிவித்ததும், ஒரு சிறுவன் விக்கி ஓநாய்களுக்குப் பயந்து ஓடுவதைக் கையும் காலும் ஆட்டிச் சொல்லத் தொடங்கினான். நடுவர் அன்பாகவே இடைமறித்து, 'எங்கட கதை ஒன்று சொல்லுங்கோ தம்பி' என்றார். அவனும் மறுபேச்சின்றிக் காகமும் நரியும் கதைக்கு மாறினான்; மாறியதும் கைகள் இரண்டும் உடலோடு ஒட்டிக்கொள்ள, பார்வை மேற்கூரைக்குப் போக, அதுவரை தானாக வந்த தமிழ் ஒப்புவிக்கும் தமிழாகிவிட்டது. நடுவரின் நோக்கத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளை முதலில் பேசிய தமிழுக்குத்தான் புள்ளிகள் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விக்கி யாருடைய கதை என்று கேட்டால், எந்த ஒரு நாடும் அதைத் தனக்கு மட்டுமே உரியது என்று சொல்லிவிட முடியாது. சுவீடனைச் சேர்ந்த பத்திரிகையாளரான ரூனர் யோன்சன் 1963இல் எழுதிய சிறுவர் நூலில் பிறந்தவன் அவன். அந்நூலின் ஜேர்மன் பதிப்பு 1965இல் இந்நாட்டின் இளையோர் இலக்கிய விருதைப் பெற்றது. மைன்ஸ் நகரிலிருந்து இயங்கும் இசட்.டி.எஃப். தொலைக்காட்சி, ஒஸ்ரியத் தொலைக்காட்சியுடன் சேர்ந்து அதைத் தொடராக்க முற்பட்டபோது, சித்திரங்களை வரையும் பணி யப்பானியக் கலைஞர்களிடம் போயிற்று. பின்னணி இசையை அமைத்தவர் செக் நாட்டவரான காரெல் சுவோபொடா. இங்கே எல்லாக் குழந்தைகளும் பாடும் அந்தத் தலைப்புப் பாடலைப் பாடியவர்கள், பிற்காலத்தில் 'பிளெக் ஃபூஸ்' என்ற பெயரில் புகழ்பெற்ற கேள்ன் நகரத்துப் பாடகர்கள். 1974 ஜனவரி 31இல் ஜேர்மனியிலும், அதே ஆண்டு ஏப்ரலில் யப்பானிலும் ஒளிபரப்புத் தொடங்கி, மொத்தம் 78 பகுதிகள் வெளிவந்தன. சுவீடிஷ் மொழியில் எழுதி, ஜேர்மன் மொழியில் படித்து, யப்பானில் வரைந்து, பிராகாவில் இசையமைத்த ஒரு கதையைத் தமிழில் ஒரு பிள்ளை சொன்னால் மட்டும் அது அந்நியமாகிவிடுமா?

தொடரை அறியாத ஆசிரியர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வடநாட்டுக் கடற்கரையில் ஃபிளாக்கே என்றொரு கிராமம். அதன் தலைவன் ஹால்வார். உருவத்திலும் குரலிலும் பெரியவன், வீட்டில் மட்டும் மனைவி இல்வாவின் சொல்லுக்கு அடங்கியவன். அவர்களுடைய ஒரே மகன் விக்கி. மெலிந்த உடலும், தோள்வரை தொங்கும் செம்மயிரும், ஓநாய் என்ற பேச்செடுத்தாலே நடுங்கும் சுபாவமும் கொண்டவன். அந்த நீண்ட முடியைப் பார்த்து அவனைப் பெண்பிள்ளை என்று நினைத்தவர்கள் ஏராளம். பள்ளி இடைவேளையில் இதற்காக நடந்த வாக்குவாதங்களை எழுதப் புகுந்தால் இன்னொரு மடல் வேண்டும். கப்பலில் போகும் ஆண்களில் சினோரேயும் சூரேயும் எந்நேரமும் சண்டை பிடிப்பார்கள். கோர்ம் எதைக் கண்டாலும் பரவசமாகிவிடுவான். உல்மே யாழை வைத்துக்கொண்டு யாரும் கேளாத கவிதைகளைப் பாடுவான். ஊரின் மூத்தவரான உரோபே பழைய கதைகளையும் சட்டங்களையும் நினைவில் வைத்திருப்பார். எல்லாரிலும் பருத்தவனான ஃபாக்சே எல்லாரிலும் மென்மையானவன். கடலில் அவர்களுக்கு எதிராளி, பயங்கர சுவென் என்ற கொள்ளையன்.

விக்கியைக் கடற்பயணத்தில் சேர்ப்பதா என்பதைத் தீர்மானிக்கத் தந்தையும் மகனும் கல் சுமக்கும் போட்டியில் இறங்கும் கட்டம் எனக்கு இன்றும் மிகப் பிடித்தது. ஹால்வார் முதுகு முறியச் சுமக்கிறான்; விக்கியோ கற்களைத் தூக்கி எறியும் ஒரு கவண்பொறியைச் செய்துவிடுகிறான். அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதியிலும் பெரியவர்கள் எங்காவது மாட்டிக்கொள்வார்கள், பையன் மூக்கைத் தேய்த்து யோசிப்பான், சொடுக்குப் போடுவான், தலையைச் சுற்றி நட்சத்திரங்கள் தெறிக்கும். இது ஒரே வாய்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் சிக்கல் என்ன, கையில் என்ன பொருட்கள் உண்டு, அவற்றை எப்படிச் சேர்த்தால் வழி பிறக்கும் என்ற வரிசையில்தான் ஒவ்வொரு கதையும் நகர்கிறது. கதையைத் திருப்பிச் சொல்லும் பிள்ளை அந்த வரிசையைக் குலைக்காமல் சொல்லியாக வேண்டும். 'ஆகையால்', 'அப்படியென்றால்', 'இல்லாவிட்டால்' என்ற இணைப்புகளெல்லாம் தேவைக்காகவே நாவில் வந்து சேரும். இலக்கணப் பயிற்சித் தாள்களில் நாம் பிள்ளைகளிடமிருந்து பிடுங்கப் பார்ப்பது இவற்றைத்தானே?

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் குடும்பம் இங்கு வந்தபோது, எங்களை அகதிகளுக்கான ஹைம் என்ற விடுதி ஒன்றில் தங்கவைத்தார்கள். தஞ்சம் கோரியவர்கள் வேலை செய்ய முடியாதிருந்த காலம் அது. பகலில் செய்வதற்கு ஒன்றுமில்லாத ஆண்கள் பொது அறையில் கூடியிருப்பார்கள். விக்கியின் மறுஒளிபரப்பு வரும் நேரத்தில் அந்த அறை பிள்ளைகளுடையதாகிவிடும், ஆனால் அப்பா எழுந்து போகமாட்டார். டொச், அதாவது ஜேர்மன் மொழி, படிக்கிறேன் என்பார். சினோரே சூரேயின் சண்டைகளுக்கு அவர் எங்களைவிட உரத்துச் சிரித்ததைக் கண்டவர்கள் அந்தப் படிப்பை எவ்வளவு நம்பினார்களோ தெரியாது.

இரவில், பார்க்காமல் தூங்கிவிட்ட தம்பிக்கு அப்பா அதே கதையைத் தமிழில் சொல்லுவார். யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் வளர்ந்தவர் ஆகையால், ஹால்வார் அவர் வாயில் ஒரு சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரன், ஆகிவிடுவான். கப்பல் புறப்படுவதற்குச் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வேண்டும். கப்பலின் முன்பக்கமான அணியத்தில் ஒருவன் நிற்க வேண்டும். காற்று விழுந்தால் சவள் என்ற துடுப்பை வலிக்க வேண்டும். பாயைச் சுருட்டும் நேரத்தில் உல்மே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் சம்மாட்டியிடம் ஏச்சு வாங்க வேண்டும். ஜேர்மன் ஒலியில் எனக்குப் பாதி விளங்காத கதை, அப்பாவின் வாயில் முழுதாக வந்து சேரும். அவர் சேர்த்துக்கொண்ட பகுதிகள் தொடரில் இல்லவே இல்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு, பழைய பகுதிகளை மகளோடு அமர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டில் எது நல்ல கதை என்று கேட்டால், நான் அப்பாவின் பக்கம். கடலையே காணாத ஹைம் பிள்ளையாகிய எனக்குக் கடலோரத் தமிழ் கிடைத்தது, ஒரு வைக்கிங் சிறுவனைச் சாக்காக வைத்துத்தான்.

தயக்கங்கள் உங்களுக்கு இருக்கும். முதலாவது, வைக்கிங்குகள் கொள்ளைக்காரர் அல்லவா என்பது. உண்மைதான், 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தின்மீது அவர்கள் நடத்திய தாக்குதலை வரலாறு மறக்கவில்லை. தொடரிலும் ஃபிளாக்கே ஆண்கள் கொள்ளையடிக்கத்தான் புறப்படுகிறார்கள், அதை ஏதோ மீன்பிடிக்கப் போவதைப் போல இயல்பாகக் காட்டுகிறார்கள். இந்த இடத்தை மூடிமறைக்க வேண்டாம் என்பேன். போர் பார்த்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வீடு சூறையாடப்படுவதைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், கேட்கட்டும். பெண்களைப் பொறுத்தவரையில் என் முறைப்பாடு இன்னும் பெரிது. இல்வாவும் விக்கியின் தோழி இல்வியும் பெரும்பாலும் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். இல்வியைக் கப்பலில் ஏற்றினால் கதை எப்படிப் போகும் என்று ஒரு சிறுமி தமிழில் சொல்லத் தொடங்கினால், அந்த வகுப்புக்கு நான் பார்வையாளராக வரத் தயார்.

மற்றொன்று, கொம்பு வைத்த தலைக்கவசங்கள். வைக்கிங் காலத்துக் கொம்புக் கவசம் எதுவும் இதுவரை கிடைத்ததில்லை. நோர்வேயின் கெர்முண்ட்பூ பண்ணையில் 1943இல் கண்டெடுத்த இரும்புக் கவசம் வழுவழுப்பான உருண்டையானது. 1876இல் பைரொய்த் நகரில் ஜேர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்துக்கு ஆடையணி வடிவமைத்த கார்ல் எமில் டோப்லர் கொடுத்த கொம்புகள்தான், இன்றுவரை விளையாட்டுப் பொருள் கடைகளில் விற்பனையாகின்றன. இதைத் தெரிந்துகொள்ள நூலகம் போகத் தேவையில்லை. ஷ்லெஸ்விக் நகருக்கு அருகில், ஷ்லை நீரேரியின் கரையில், ஹைதாபு என்ற உண்மையான வைக்கிங் வணிக நகரத்தின் எச்சம் இருக்கிறது. 2018இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்குள்ள அருங்காட்சியகத்தில், துறைமுகச் சேற்றிலிருந்து 1979இல் வெளியே எடுத்த வைக்கிங் கப்பலின் பகுதிகளைப் பார்க்கலாம். பழைய குடியிருப்பு நின்ற இடத்திலேயே வீடுகளைத் திரும்பக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். ஹம்பேர்க் பக்கத்துப் பள்ளிகளுக்கு அது ஒருநாள் சுற்றுலா. கேளிக்கைப் பூங்காவுக்கு ஆண்டுதோறும் பேருந்து பிடிக்கும் நிர்வாகங்கள், ஒரு முறையாவது இதற்குப் பிடிக்கலாம்.

இதையெல்லாம் சொல்லும்போது, எங்கள் கதைகள் பின்னுக்குப் போய்விடுமே என்று சிலர் கவலைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள லான்ஸ் ஓ மெடோஸில் 1021ஆம் ஆண்டில் வைக்கிங்குகள் மரம் வெட்டியிருக்கிறார்கள் என்பது, அங்கே கிடைத்த மரத்துண்டுகளை ஆராய்ந்து நிறுவிய உண்மை. வட அமெரிக்காவரை அவர்கள் போன கதையைக் கேட்கும் பிள்ளைக்கு, வடமராட்சியின் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகள் உடன்செல்ல, 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்த கதையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல வேளை எது? அன்னபூரணியைத் தனிப் பாடமாக நடத்தினால் பிள்ளைகள் திகதிகளை மனப்பாடம் செய்வார்கள். விக்கிக்கு அடுத்ததாக நடத்தினால், பாய் எத்தனை, புயல் வந்ததா, கப்பலில் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பார்கள்.

எந்த விக்கியைக் காட்டுவது என்ற கேள்வியும் எழும். மிக்காயேல் ஹெர்பிக் 2009இல் இயக்கிய திரைப்படம் உண்டு. அதற்காக பவேரியாவின் வால்ஹென் ஏரிக்கரையில் ஃபிளாக்கே கிராமத்தையே கட்டினார்கள். 2014இல் கணினி வரைகலையில் புதிய தொடரும் வந்தது. என் பிள்ளைக்குப் புதியது பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் வகுப்புக்கு ஏற்றது 1974ஆம் ஆண்டுத் தொடரே. அதன் சித்திரங்களில் அசைவு குறைவு, கதை நிதானமாகப் போகும். விக்கி மூக்கைத் தேய்க்கும் நேரத்தில் படத்தை நிறுத்திவிட்டு, இனி என்ன செய்வான் என்று பிள்ளைகளைக் கேட்கலாம். புதியதின் வேகத்தில் அப்படி நிறுத்தினால் யாரோ ஒருவர் காற்றில் பறந்துகொண்டிருப்பார்.

விதிமுறையில் பெரிய மாற்றம் எதுவும் வேண்டியதில்லை. பாத்திரங்களின் பெயர்கள் அப்படியே இருக்கட்டும். ஹால்வாருக்குத் தமிழ்ப்பெயர் வைக்கச் சொல்லிப் பிள்ளைகளை வருத்த வேண்டாம். எழுதி வைத்து ஒப்புவித்தால் புள்ளி குறையும் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். இல்லாவிட்டால் பெற்றோர் விக்கியையும் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்விப்பார்கள், நம் ஆட்களை நான் அறிவேன். இடையில் ஒரு டொச் சொல் வந்துவிட்டால் கதையை நிறுத்தாதீர்கள். முடித்த பிறகு அதற்குரிய தமிழைச் சொல்லிக்கொடுங்கள். பாட்டன் பாட்டியரில் ஒருவரை நடுவராக அமர்த்தினால் இன்னும் நல்லது, ஏனெனில் தொடரைப் பார்க்காதவருக்கு விளங்கும்படி சொல்வதுதான் இங்கே உண்மையான சோதனை.

அடுத்த போட்டிக்கான அறிவித்தலை அச்சிடுவதற்கு முன்னர் உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுவீர்கள் என்று நம்புகிறேன். முதல் ஆண்டு பரீட்சார்த்தமாக, ஏழு முதல் பத்து வயதுப் பிரிவில் மட்டும் நடத்திப் பார்த்தாலும் போதும். அதற்கான ஆயத்த வகுப்புகளை எடுக்கவும், ஒரு பகுதியைச் சொல்லிக் காட்டவும் என்னைப் போன்ற பழைய மாணவர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். சனிக்கிழமை காலை என்றால் மிக வசதி, மற்ற நாட்களென்றால் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவியும் இந்நாள் பெற்றோருமான ஒருத்தி