வாட்டில் பேச்சு வராமல் நின்ற பெடியன்

அன்புள்ள மகள்,

மெடிக்கல் பிள்ளைகளுக்கான இங்கிலிஷ் வகுப்பை மதிப்பிட்டு அறிக்கை தரச் சொல்லிவிட்டார்கள் என்று நேற்று போனில் சொன்னாய். அதிலிருந்து அதே யோசனை, அதுதான் எழுதுகிறேன்.

கடைசி வகுப்பில் கொடுத்த படிவத்தில் எல்லாரும் 'மிக நன்று' என்று போட்டிருக்கிறார்களாம். அதை மட்டும் நம்பிவிடாதே பிள்ளை. மிஸ்ஸைப் பிடித்திருந்தால் அப்படித்தான் போடுவார்கள். பயிற்சி வகுப்புகளை மதிப்பிட கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கர் 1959இல் சொன்ன நாலு படியை நீதானே எனக்கு விளங்கப்படுத்தினாய்: பிடித்ததா, படித்தார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் உண்டா. உன் படிவம் முதற்படியிலேயே நிற்கிறது.

முப்பது வருஷம் நேர்ஸாக இருந்தவள் நான். ஏ.எல் வரைக்கும் தமிழில் படித்து வந்த ஒரு மெடிக்கல் பெடியன் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறான். "படுத்தா மூச்சு முட்டுது தம்பி, சாமத்தில எழும்பி இருக்கிறனான்" என்று ஒரு ஆச்சி சொன்னதை ஆறுதலாகக் கேட்டு எழுதினான், எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறா, கால் வீங்குதா என்றுகூட விசாரித்தான். பிறகு ரவுண்டில் கேஸைச் சொல்லச் சொன்னபோது இரண்டு வசனத்துக்கு மேல் இங்கிலிஷ் வரவில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது என்றே எல்லாரும் நினைத்தார்கள். அவன் கேட்ட கேள்விகள் அவ்வளவும் சரி, பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

அந்தப் பெடியனுக்கு உங்கள் வகுப்பு உதவியிருக்குமா? அதைத்தான் நீ அளக்க வேண்டும். இலக்கணத் தாளில் 80 எடுத்தவள் கட்டிலடியில் வாய் திறக்கிறாளா என்று பார். வகுப்புத் தொடங்கும்போதே ஒவ்வொருவரும் ஒரு கேஸ் சொல்வதைப் பதிந்து வை, முடியும்போதும் பதி, வாட்டுக்குப் போய் ஆறு மாசம் கழிந்து திரும்பவும் பதி. பாடமெல்லாம் இங்கிலிஷில் நடப்பதால் வகுப்பு இல்லாமலும் கொஞ்சம் முன்னேறத்தான் செய்வார்கள், அதனால் வகுப்புக்கு ஒழுங்காக வராதவர்களையும் பதிந்து ஒப்பிட்டுப் பார்.

அப்புறம், டொக்டர் இங்கிலிஷில் சொன்னதை ஆச்சிக்கு விளங்கும் தமிழில் திருப்பிச் சொல்கிறார்களா என்றும் சோதி. எங்கள் மானிப்பாயில் அமெரிக்காவிலிருந்து வந்த கிறீன் வைத்தியர் 1860களில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். இப்போது புத்தகமும் சோதனையும் இங்கிலிஷ்தான், ஆனால் ஆச்சி மாறவில்லையே.

இந்த பட்ச்சுக்கு முதற்பதிவு இல்லையென்றால் அறிக்கையில் அப்படியே எழுது, தயங்காதே, புது பட்ச்சிலிருந்து தொடங்கலாம்.

முற்றத்தில் புழுக்கொடியல் காய்கிறது. மாமா அந்தப் பக்கம் வரும்போது கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்
அம்மா