ஐந்து லிட்டர் அழுக்குத் தண்ணீருக்கு நன்றி

டொங்காட் (டர்பனுக்கு வடக்கே), தென்னாப்பிரிக்கா, ஜூன் 2022

அன்புள்ள சாட்ஸ்வொர்த் அக்காவுக்கும் கைகொடுத்த மற்ற எல்லோருக்கும்,

இன்று காலைச் சோதனையில் மீனுக்கு நஞ்சான இரண்டும், அம்மோனியாவும் நைட்ரைட்டும், சுழி. அம்மோனியாச் சோதனைக் குழாயில் பச்சை ஏறாமல் மஞ்சள் அப்படியே நின்றது. தமிழ் வகுப்புக் கூடத்து உப்புநீர்த் தொட்டி பிழைத்துக்கொண்டது.

ஏப்ரல் வெள்ள வாரத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் லாரி வரும் நேரம் இன்றும் ஊருக்கே மனப்பாடம். அந்த அல்லலுக்கு நடுவில், 40 லிட்டர் மீன்தொட்டி ஒன்றை மறுபடி உயிர்ப்பிக்க ஒருவர் வாளியைத் தூக்கிக்கொண்டு சாட்ஸ்வொர்த்திலிருந்து என்2 நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வருவார் என்று யார் எதிர்பார்த்தது?

அக்கா, கேட்டதை மட்டும் கொடுத்திருந்தாலே போதும். கேட்டது 4 கிலோ லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் கல்), உங்கள் சம்பிலிருந்து (தொட்டித் தண்ணீரை வடிகட்டும் துணைத் தொட்டி) ஒரு ஸ்பாஞ்ச், ஒரு கோப்பை மணல். கல்லை ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தருவதுதான் வழக்கம். நீங்கள் தண்ணீருக்குள் முழுக்கி, பேட்டரி ஏர் பம்பையும் மாட்டிக் கொண்டுவந்தீர்கள். கல்லில் ஒட்டியிருக்கும் கடற்பஞ்சுகள் காற்றுப் பட்டால் செத்துவிடும்; செத்தது அழுகினால் மறுபடி அம்மோனியாதான். மூடியில் ஒட்டிய டேப்பில் உங்கள் கையெழுத்து: “உப்பு 35. சூடு 25. செம்பு மருந்து பட்டதில்லை.” கடைசி வரிக்காகவே தனியாக ஒரு கும்பிடு. மீன் நோய்க்கு விடும் செம்பு மருந்தை ஒருமுறை குடித்த கல்லும் மணலும் அதை மெல்ல மெல்லக் கக்கும். மீனுக்கு ஒன்றும் ஆகாது போலிருக்கும், இறாலும் நத்தையும் போய்விடும்.

ஆனால் இந்த மடலை எழுத வைத்தது, வாளிக்குப் பக்கத்தில் கேட்காமலே இருந்த அந்த ஐந்து லிட்டர் கேன். அதிலும் ஒரு டேப்: “கழுவ மட்டும். தொட்டியில் ஊற்ற வேண்டாம்.”

பழைய தொட்டியின் தண்ணீரைக் கேட்டு வாங்குவது புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் செய்வது. அதில் பெரிய பலன் இல்லை. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா கல்லிலும் மணலிலும் ஸ்பாஞ்சிலும் ஒட்டி வாழ்கிறது. தண்ணீரில் மிதப்பது சொற்பம். அதனால்தான் கேட்கவில்லை. கழுவுவதை யோசிக்காமல் விட்டுவிட்டோம். சம்பிலிருந்து வரும் ஸ்பாஞ்ச் நிறையச் சகதி. அப்படியே வைத்தால் அந்தச் சகதியே அழுகும். லாரித் தண்ணீரில் கழுவினால் குளோரின் ஒரு பக்கம், உப்பில்லாத் தண்ணீரின் அதிர்ச்சி இன்னொரு பக்கம். பாதிப் பாக்டீரியா பேசினிலேயே போயிருக்கும். காசு கொடுத்து வாங்கிய சுத்திகரித்த தண்ணீர் 34 லிட்டரில், லிட்டருக்கு 36 கிராம் வீதம் 1.2 கிலோ உப்புக் கரைத்து ஒரு நாள் சுழலவிட்டு வைத்திருந்தது. அதில் கைவைக்க மனம் வருமா?

உங்கள் கேன் திறந்தது. முதல் பிழிசலில் டிக்காக்ஷன் நிறம், இரண்டாவதில் பால் விடாத டீ, மூன்றாவதோடு நிறுத்தியாயிற்று. ஸ்பாஞ்ச் வெள்ளையாகும்வரை பிழிந்தால் வாங்கி வந்ததே வீண். மீதித் தண்ணீரில் கல்லை அலசியபோது ஐப்டேசியா என்ற களை போன்ற கடல் அனிமோனி ஒன்று தலைகாட்டியது. அதைச் சுரண்டக் கூடாது, ஒவ்வொரு துணுக்கும் முளைக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடைக் குழைத்து வாயில் அப்பினால் முடிந்தது கதை. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே சரக்குதான். பாட்டிமார்களிடம் கேட்டால் சிரிப்பார்கள்.

மணலை மேல் ஒரு சென்டிமீட்டரிலிருந்து மட்டும் வழித்திருந்தீர்கள். ஆழத்தில் கறுத்த மணலைக் கிளறினால் அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். அதுவும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு பாக்டீரியா வேலை செய்கிறதா என்று பார்க்க, அம்மோனியம் குளோரைடு விட்டு அம்மோனியாவை 1 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏற்றியது. 24 மணி நேரத்தில் 0.25 மிச்சம், ஆகவே மீன் இல்லை. மூன்றாம் முறை ஏற்றியது ஒரே நாளில் சுழிக்கு வந்தது. வெறும் கல்லோடு தொடங்கியிருந்தால் நாலு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். நாளை ஒரே ஒரு சின்னக் க்ளௌன் மீன். பாக்டீரியா கிடைக்கிற தீனிக்குத் தக்கபடிதான் பெருகும். ஐந்து மீனை ஒன்றாக விட்டால் இத்தனை பேர் உழைப்பும் பாழ்.

உப்பு வாளியில் பாதியைக் கொடுத்த அண்ணன், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை இரவல் தந்து திருப்பிக் கேட்காதவர், 50 வாட் ஹீட்டருக்குக் காசு வாங்காத கடைக்காரர், ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர்தான் சேர்க்க வேண்டும், உப்புநீர் அல்ல என்று கண்ணாடியில் பென்சில் கோடு போட்டுக் காவல் காக்கும் பிள்ளைகள்: எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய நன்றி. உப்பு ஆவியாகாது என்று அந்தப் பிள்ளைகள் இப்போது பெரியவர்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

இனி இந்தத் தொட்டியின் பின்னறையில் எப்போதும் இரண்டு ஸ்பாஞ்ச் இருக்கும். ஒன்று இதற்கு, இன்னொன்று அடுத்துக் கேட்டு வருபவருக்கு. கழுவ ஐந்து லிட்டரும் கூடவே.

வாளியைச் சோப்புப் போடாமல் கழுவிக் காயவைத்திருக்கிறோம். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாதாம், ஆகவே தோட்டத்துக் கறிவேப்பிலை இரண்டு கொத்தும் முருங்கைக்காயும் வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம் அக்கா.

தமிழ் வகுப்பின் தொட்டிக்காரர்கள்