கடைசிப் பாட்டு மட்டும் ஏன் சீறுகிறது?

அன்புள்ள கோபி,

உன் கடிதம் வந்தது. உன் ரெக்கார்டு பிளேயர், டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2, ஜப்பானிலிருந்து உடையாமல் வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். முதல் பாட்டு பளிச்சென்று கேட்கிறது. கடைசிப் பாட்டில் 'ச', 'ஸ' எல்லாம் சீறுகிறது. வலது ஸ்பீக்கரில் அது இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறாய். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜை மாற்றி வேறு வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். உன் ஆர்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் மேல் குற்றமில்லை. நீ சொல்கிற அடையாளமெல்லாம் அதைப் பொருத்திய விதத்தைத்தான் காட்டுகிறது.

அதற்கு முன்னால் கரண்டைப் பார்த்துவிடு. ஜப்பான் மாடல் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230-ல் நேரே செருகினால் போச்சு. 230-ஐ 100 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மெஷின் இழுப்பது 13.5 வாட் என்பதால் 50 விஏ திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் தாராளம். அதை ஆர்முக்கு, அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கைக்கு, பக்கத்தில் வைக்காதே, கார்ட்ரிட்ஜ் அதன் உறுமலைப் பிடித்துக்கொள்ளும். 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்ற கவலை உனக்கில்லை, இது குவார்ட்ஸ் மோட்டார், வேகம் கரண்டின் ஹெர்ட்ஸைப் பொறுத்ததில்லை. உன் மச்சான் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவதாகச் சொல்லும் பெல்ட் டிரைவ் வேறு ஜாதி. அதில் ஹெர்ட்ஸுக்கேற்பச் சுற்றும் ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் இருந்தால், வோல்ட்டேஜைச் சரிசெய்தாலும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8-ல்தான் சுற்றும். பாடுகிறவர் யாரானாலும் தூக்கத்தில் பாடுவதுபோல இருக்கும். புல்லி மாற்றாமல் தீராது.

இனி சீறலுக்கு வருகிறேன். எல்.பி. ஓரத்தில், மையத்திலிருந்து 146 மி.மீ. தள்ளி, பள்ளம் ஊசியடியில் விநாடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது. லேபிள் பக்கம் 60 மி.மீ.க்கு வந்ததும் அது 21 செ.மீ.தான். அதே 'ஸ' அங்கே பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. வெளி ஓரத்தில் மன்னித்துவிடும் சின்னக் கோணப் பிழையை உள் ஓரம் மன்னிக்காது. ஆர்ம் ஒரு முனையில் நின்று வளைந்து வருவதால், தட்டு முழுக்க இரண்டே இடங்களில்தான் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கும். அந்த இரண்டு இடங்களைத் தீர்மானிப்பது கார்ட்ரிட்ஜின் இருப்பு.

அளவு ஒன்றே ஒன்று: கார்ட்ரிட்ஜைத் திருகிப் பொருத்தும் ஹெட்ஷெல்லின் பின்பக்கம் ரப்பர் வாஷர் உட்காரும் விளிம்பிலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. ஸ்க்ரூ இரண்டையும் தளர்த்தி, மெல்லிய எஃகு ஸ்கேலை ஒட்டி வைத்து, பக்கவாட்டில் கண்ணை ஊசி மட்டத்துக்குக் கொண்டுவந்து பார். மேலிருந்து பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் ஏமாந்துவிடுவாய். கார்ட்ரிட்ஜின் பக்கங்கள் ஹெட்ஷெல்லுக்கு இணையாக இருக்கட்டும். இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் லேசாகத் திரும்பும், அதனால் இரண்டு ஸ்க்ரூவையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்கி, மறுபடி அள. அளக்கும்போது தவிர, இறுக்கும்வரை ஊசிக்கு மூடி போட்டிரு.

இணையத்தில் பேர்வால்ட் கோணமானியை, அதாவது ஊசியை நேராக்க உதவும் காகித அளவுகோலை, அச்சிட்டு ஒட்டிக்கொள்ளச் சொல்வார்கள். அதன்படி ஊசி நேராக நிற்பது மையத்திலிருந்து 66, 120.9 மி.மீ.யில். டெக்னிக்ஸின் 52 மி.மீ. அளவில் அது 58.8, 113.5. லேபிளை நெருங்கி ஓடும் சினிமாத் தட்டுகள்தான் உன்னிடம் அதிகம், குறையும் கடைசிப் பாட்டில்தான். உனக்கு டெக்னிக்ஸ் கணக்கே லாபம். பேர்வால்ட் பிடிக்கிறவர்கள் பிடிக்கட்டும்.

அடுத்தது ஊசி தட்டை அழுத்தும் எடை. முதலில் ரசமட்டத்தைத் தட்டு உட்காரும் பிளாட்டர் மேல் வைத்து, நாலு காலையும் திருகி மட்டம் பிடி. ஆன்டி-ஸ்கேட்டிங் (ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை எதிர்க்கும் குமிழ்) பூஜ்யம், ஊசி மூடி கழற்றியாச்சு, ஆர்ம் காற்றில் மட்டமாக மிதக்கும்வரை அதன் பின்முனை எடையான கவுண்டர்வெயிட்டைச் சுற்று. பிறகு எடையை அசையாமல் பிடித்துக்கொண்டு எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்பு. அப்புறம் இரண்டையும் சேர்த்துச் சுற்றி 1.8 கிராமுக்குக் கொண்டு வா. 1.6-லிருந்து 2 வரை அனுமதி உண்டு. 'குறைவாக அழுத்தினால் தட்டு தேயாது' என்று 1.3-ல் ஓட்டாதே. எடை போதாமல் பள்ளத்துக்குள் குதிக்கும் ஊசிதான் சுவரைச் செதுக்கும். 0.01 கிராம் காட்டும் குட்டித் தராசு இருந்தால் சரிபார், ஆனால் அதன் தட்டு இரும்பாக இருந்தால் கார்ட்ரிட்ஜின் காந்தம் இழுத்துப் பொய் எண் காட்டும்.

வலது பக்கம் மட்டும் ஏன் மோசம்? வளைந்த ஆர்ம் இயல்பாகவே மையத்தை நோக்கி இழுபடும். ஊசி உள்சுவரில், அதாவது இடது சேனலில், சாய்ந்து, வெளிச்சுவரில் பிடி தளர்கிறது. ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழை 1.8-ல் வைத்துத் தொடங்கு. வலது இன்னும் கரகரத்தால் கொஞ்சம் கூட்டு. இடதுக்குத் தாவினால் கூட்டியது அதிகம். பள்ளமே இல்லாத வெற்றுத் தட்டில் ஊசியை வைத்துச் சரிபார்க்கும் வழக்கத்தை நான் நம்புவதில்லை. அங்கே உராய்வே வேறு.

ஆர்ம் உயரத்துக்கு ரொம்ப மெனக்கெடாதே. தட்டின் மேல் ஊசி நிற்கும்போது ஆர்ம் மட்டமாகத் தெரிந்தால் போதும். 230 மி.மீ. ஆர்மில் 4 மி.மீ. ஏற்றினால்தான் ஊசியின் சாய்வு ஒரு டிகிரி மாறும். அரை மில்லிமீட்டருக்குச் சொர்க்கமும் நரகமும் கேட்கிறவர்கள் பாக்கியவான்கள். ஏற்றிய பின் பூட்டை இறுக்க மறந்தால் மட்டும் ஆர்மின் அடிப்பாகமே ஆடும்.

'ம்ம்ம்' என்ற சத்தத்துக்கு எர்த் வயரை ஆம்ப்பின் எர்த் திருகில் கட்டு. அப்படியும் ஒரு பக்கம் மட்டும் உறுமினால் ஹெட்ஷெல் வயர்களைப் பார்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். கழற்றும்போது வயரை இழுக்காமல் கிளிப்பை இடுக்கியால் பிடி.

பெரியப்பாவின் 78 தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகளை, இதில் போடாதே. எம்கே2-வில் அந்த வேகமே கிடையாது, எல்.பி. ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் கிடந்து புழுதியைத்தான் கிளறும். அவற்றை ஸ்பிரிட் போட்டும் துடைக்காதே, அரக்கு கரைந்துவிடும்.

எல்லாம் முடித்துவிட்டுப் பழைய தட்டில் சோதிக்காதே. புதிதாக வாங்கிய ஒரு தட்டின் கடைசிப் பாட்டைப் போடு. அது சுத்தமாக வந்து, பழைய தட்டு மட்டும் சீறினால், அந்தக் காலத்து சூட்கேஸ் பிளேயரின் செராமிக் கார்ட்ரிட்ஜ் தேய்ந்த ஊசியோடு அதை ஏற்கெனவே உழுதுவிட்டது என்று அர்த்தம். அதற்கு மருந்து கிடையாது. புதுத் தட்டும் சீறினால் 52-ஐ மறுபடி அளந்து எனக்கு எழுது.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்