பாட்டியைப் பார்த்துக்கொள்ள வரமாட்டேன், தாத்தா

தாத்தா,

உங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு என்னை இஸ்ரேலுக்கு அனுப்பிய ஏஜென்ட் நேற்றும் கூப்பிட்டார், இப்போது பாட்டிக்காக. வரவில்லை என்று சொல்லிவிட்டேன். "எனக்கப்புறம் அவளையும் நீதான் பார்த்துக்கணும்" என்று நீங்கள் கேட்டதும் நான் தலையாட்டியதும் மறக்கவில்லை. மன்னித்துவிடுங்கள். அந்த நிலைமையில் தலையாட்டாமல் வேறென்ன செய்திருப்பேன்?

உங்கள் யூதப் பண்டிகை சிம்ஹாத் தோரா வருகிறது. உங்களை 'ஹதன் தோரா', அதாவது தோராவின் மாப்பிள்ளை, என்று கூப்பிட்ட அந்தக் காலைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. தோராவை, மோசேயின் ஐந்து புத்தகங்களை, வருஷம் முழுக்க ஓய்வுநாள்தோறும் படித்து வந்து, கடைசிப் பகுதியை மட்டும் இந்தப் பண்டிகைக்கென்று வைத்திருக்கிறார்கள். அதை முடித்து வைக்க அழைக்கப்படுகிறவர்தான் அந்த மாப்பிள்ளை. ஜெப ஆலயத்தில் உங்கள் வீல்சேரை மேடையருகே விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் போய் நின்றேன். கையில் என் தமிழ் பைபிள், தோராவின் கடைசி அதிகாரமான உபாகமம் 34. மோசே நேபோ மலையிலிருந்து தேசத்தைப் பார்க்கிறார். உள்ளே போகக் கொடுத்து வைக்கவில்லை. இறக்கிறார். ஜனங்கள் 30 நாள் அழுகிறார்கள். தன் சாவைச் சொல்லும் கடைசி எட்டு வசனங்களை மோசேயே கண்ணீரோடு எழுதினார் என்று ஒரு ரபி, யூத மத குரு, சொன்னதை முந்தின ராத்திரி நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் படித்து முடித்ததும் கொஞ்சமாவது அமைதியாக இருப்பார்கள் என்று நினைத்தேன். இல்லை, ஒரே ஆரவாரம். அடுத்த சுருளைத் திறந்து முதல் புத்தகமான ஆதியாகமத்தை ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் தல்லித் என்கிற ஜெப சால்வையின் நூலை எடுத்து முத்தமிடப் போனீர்கள். விரல் நடுங்கி, நூல் சட்டைப் பொத்தானில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட நான் பக்கத்தில் இல்லை.

என் அப்பாவின் அடக்கத்தை போனில் பார்த்த அன்று சாயங்காலமும் உங்களைக் குளிப்பாட்டினேனே, நினைவிருக்கிறதா? மோசேக்கு 30 நாள். எனக்கு ஒரு சாயங்காலம்கூட இல்லை. "இன்னைக்கு வேண்டாம் மோளே" என்று நீங்களாவது சொல்லியிருக்கலாம். முடித்த கையோடு ஆரம்பிக்க உங்களால் முடியும். சுற்றிலும் அத்தனை பேர் பாடுகிறார்கள். தனியாக இருக்கிறவளுக்கு நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும், தாத்தா. உங்களையும் சேர்த்து எனக்கு இப்போது இரண்டு சாவு.

சாகுமுன் இஸ்ரவேல் கோத்திரங்களை மோசே ஆசீர்வதிக்கும் இடத்தில் சிமியோன் பெயரைக் காணோமே என்று கேட்டேன். "அவன் யூதாவின் ஆசீர்வாதத்துக்குள்ளேயே இருக்கான்" என்று சிரித்தீர்கள். உங்கள் அடக்கத்தில் நன்றி சொன்ன பெயர்களில் என் பெயர் இல்லை. நான் யாருக்குள் இருந்தேனோ! சரி, உங்கள் பிள்ளைகள் இதை மொழிபெயர்த்துப் படிப்பார்கள். இதற்கு மேல் வேண்டாம். அந்தக் கடைசி வாரத்தைப் பற்றியும் எழுதப்போவதில்லை.

1950களில் கொச்சியை விட்டு இஸ்ரேலுக்கு வந்தும் மலையாளத்தை விடாமல் வைத்திருந்தீர்கள். அதனால்தான் அந்த நெகேவ் பாலைவனத்தில் இந்த நாகர்கோவில்காரி ஊமையாகாமல் இருந்தாள். எவ்வளவு பேசியிருக்கிறோம்!

பாட்டிக்கு ராத்திரி மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். படிக்கிற பிள்ளைகள் யாராவது புதிதாக வரும் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள்.