தற்செயலாம், குளமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தன் புது ஆயுதங்களைச் சோதித்த பீனமுண்டே பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், வேவு விமானம் எடுத்த படத்தில் இருந்த அந்தக் குட்டி விமானம் பிரிட்டனின் வான்படம் படிப்பவரான கான்ஸ்டன்ஸ் பாபிங்டன் ஸ்மித்தின் கண்ணில் "தற்செயலாகப் பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் ஒரு கணக்கு. 36 அங்குலக் குவியத் தூர லென்ஸ், 30,000 அடி உயரம் என்றால் படத்தின் அளவு விகிதம் 1:10,000. இருபதடி இறக்கை அதில் 0.6 மில்லிமீட்டர். கடுகில் பாதிகூடத் தேறாது. படம் இம்மியளவு கலங்கினாலும் அது வெறும் வெள்ளைப் புள்ளிதான். தற்செயலாகப் படுகிற சாமானா இது?

போருக்கு முன்பே விமானப் பத்திரிகைக்கு எழுதிவந்தவர் அவர். வான்படங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் விமானப்படை நிலையமான மெட்மென்ஹாமில், எதிரி விமானங்களை ஆராயும் பிரிவுக்கே தலைவி. மிகச் சிறிய விமானம் ஏதும் தென்படுகிறதா என்று 1943 நவம்பரில் கேட்டார்கள். பழைய படங்களை மறுபடி எடுத்துத் துழாவி, ஜூன் மாதப் படத்தில் அதைப் பிடித்தார். பிறகு நவம்பர் 28 அன்று ஒரு மாஸ்கிட்டோ வேவு விமானம் எடுத்துவந்த படத்தில், மண்வாரும் சாதனம் என்று முன்பு ஒதுக்கப்பட்ட ஏவு சாய்தளத்தின் மேலேயே அது நின்றது. வி-1 என்ற ஆளில்லாப் பறக்கும் குண்டு இன்னதென்று உறுதியானது அப்படித்தான்.

பெண்களின் உழைப்பை இப்படி விட்டுவிடுவது உங்களுக்குப் புதிதும் அல்ல. முன்பொரு முறை மெட்மென்ஹாம் பற்றி எழுதியபோது சர்ச்சிலின் மகள் சாரா மட்டுமே வந்தார். கேம்பிரிட்ஜின் முதல் பெண் பேராசிரியர், தொல்லியல் அறிஞர் டோரதி கேரோட், அதே இடத்தில் வான்படம் படித்தவர்தான். அவருக்கு அரை வரி கிடையாது. விமானப்படைப் பெண்களுக்கு ஆண்கள் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கொடுத்தார்கள். தாங்கள் இடம் கொடுப்பதில் அந்த விகிதத்தையும் காணோம்.

எல்லாவற்றையும் விட, கட்டுரையோடு அச்சிட்ட அந்த வான்படம்! வி-2 ராக்கெட் சோதனைத் தளத்தைச் சுற்றி எழுப்பிய மண்கரைக்குக் கீழே "முட்டை வடிவக் குளம்" என்று குறிப்பு. நிலப்படம் போல வடக்கை மேலே வைத்து அச்சிட்டதன் வினை. அந்த ஊரில் பகலில் நிழல் வடக்கே சாயும். நிழல் பார்ப்பவரைவிட்டு விலகி விழுந்தால் மேடு பள்ளமாகத் தோன்றும். அதனால்தான் படம் படிப்பவர்கள் முதல் வேலையாக, நிழல் தங்கள் பக்கம் விழும்படி படத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அறுபது சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று கவிந்த இரண்டு படங்களை, மேடுபள்ளம் தெரியக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியின் கீழ் வைக்கும்போதும், இடது வலது மாறினால் இதே கோளாறு. மெட்மென்ஹாமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் இது பாலபாடம்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்தப் படத்தைத் தலைகீழாக அச்சிடுங்கள், குளம் கரையாகிவிடும். இடம் இல்லையென்றால், இணையப் பதிப்பிலாவது அந்தத் "தற்செயலாக"வை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
கோவை.